நீலக் கலர் சாமான்

என் சேகரிப்புக்குப் பொய்க்குண்டு என்று பெயர் வைத்தவள் என் மனைவி கமலா. பட்டாளத்தில் அதற்கு டிரில் ரவுண்டு என்று பெயர். டாங்கிக்குள் குண்டு ஏற்றும் வேலைக்கு வருகிற புது ஆள் கையில் எடுத்த எடுப்பிலேயே நிஜக் குண்டைக் கொடுத்துவிட முடியாது. அதே நீளம், அதே கனம், அதே பித்தளை உறை. உள்ளே மருந்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மரக்கட்டையோ ஈயமோ இருக்கும். அதைத் தூக்கித் திருப்பி, விரலை நசுக்கிக்கொள்ளாமல் உள்ளே தள்ளி, மறுபடி வெளியே எடுக்கப் பழக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் பல வருடம் என் வேலை. நான் வேலையை விட்டு வந்த பிறகும் அந்தச் சனியன் என்னை விடவில்லை.

பழைய தளவாட ஏலங்களில் முறைப்படி கையெழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக வாங்கி, வேலூர் வீட்டு ஹாலில் சுவரோரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒன்றின் தலையில் கமலா குடையை மாட்டுகிறாள். இன்னொன்றின் மேல் ஈரத் துண்டு காய்கிறது. நான் அவற்றின் அடியில் அடித்திருக்கும் எழுத்துகளைப் பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுப்பேன். பெயிண்டுக்கு அடியில் என்ன பெயிண்ட் என்று பார்ப்பேன். எந்த நாட்டுக்காரன் உறையில் எங்கே ஓட்டை போட்டு 'இது வெடிக்காது' என்று அடையாளம் வைத்தான் என்று பார்ப்பேன். இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப்போகிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை நம்புகிற ஒரே ஆள் என் மச்சான் முருகேசன், கமலாவின் தம்பி. துபாயில் அல் கூஸில் ஒரு இரும்புப் பட்டறையில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறான். "மாமா, புக்குல எம் பேரும் ஒரு ஓரமா போட்டுடணும்" என்பான்.

குவைத்தில் அபு சாலிம் என்றொரு பெரியவர் இதே பைத்தியம் பிடித்தவர். அவரிடம் இருக்கும் ரவுண்டுகளைப் பார்த்து எது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார். குவைத்தில் மூன்று நாள், அப்புறம் துபாயில் முருகேசனோடு இரண்டு நாள், பிறகு வீடு. இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல் என்று கமலா கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

முதல் நாள் குவைத்தில் இறங்கும்போதே முட்டி வீங்கியிருந்தது. புரட்டாசி கடைசி ஆகியும் வெயில் இறங்கவில்லை. சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அளவு எடுக்கும் இடுக்கி, டிரேசிங் பேப்பர் கட்டு, மெழுகுப் பென்சில், பூதக்கண்ணாடி. "என்ன தொழில்?" என்றார். வாய் வரைக்கும் வந்த உண்மையை விழுங்கிக்கொண்டு "டீச்சர்" என்றேன். விட்டுவிட்டார்.

என்னை அழைத்துப்போக அபு சாலிமின் டிரைவர் சாகுல் வந்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். வண்டி ஃபஹாஹீல் பக்கம் திரும்பும்போது நான் பழக்க தோஷத்தில் "பெரியவர்கிட்ட எத்தனை குண்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"அண்ணே, அந்த வார்த்தையே இங்கிட்டு எடுக்காதீக. போன்ல மூச்சு விடாதீக. எவனாச்சும் பாதி கேட்டுட்டுப் போயி சொன்னான்னா நம்ம பொழப்பு கெலாஸ். சாமான்னு சொல்லுங்க. நாங்கள்லாம் சாமான்னுதான் சொல்றது."

சரி, சாமான். ஊரில் ஒல்லியாக இல்லாதவனைக்கூடக் குண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கே அவனையும் சாமான் என்று கூப்பிட வேண்டும்போலிருக்கிறது.

சாகுல் என்னை இறக்கிவிட்ட அறை ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருந்தது. கீழே குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் கிடைத்தன. ரொட்டி சூடாக இருந்தவரை நன்றாக இருந்தது; ஆறியதும் அட்டை. மென்றுகொண்டிருக்கும்போது முருகேசனிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"மாமா, குவைத் எறங்கிட்டீங்களா? உங்களுக்குன்னே ஒரு சாமான் வாங்கி வெச்சிகினு இருக்கேன். நீலக் கலரு. சுத்தமா காலி, பாய் சொல்லிட்டாரு. விஜயதசமி அன்னிக்கி ரெண்டா அறுத்து வெச்சிடறேன். ஊருக்கு அனுப்ப தோதா இருக்கும். பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க!"

நீலக் கலர், காலி, இரண்டாக அறுப்பது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிளாஸ்டிக் டிரம்! கமலா மொட்டை மாடியில் கறிவேப்பிலையும் கத்தரியும் வைப்பதற்கு நீல டிரம்மை இரண்டாக அறுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அக்காள் ஆசைப்பட்டாள் என்று இந்தப் புத்திசாலி துபாயிலிருந்து டிரம் அனுப்பப்போகிறான். "டேய், அதெல்லாம் வேலூர்லயே கிடைக்குதுடா, வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன். சிரிப்புச் சத்தத்தோடு ஒரு பதில் வந்தது. "இது வேலூர்ல கெடைக்கவே கெடைக்காது மாமா!" அசடு என்று கமலாவிடமும் போனில் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள் அபு சாலிம் வீடு. நம் ஊரில் கார் நிறுத்தும் ஷெட் எவ்வளவு இருக்குமோ அதைப்போல ஆறு மடங்கு ஷெட், அதற்கு ஏசி. உள்ளே சுவரோரமாக வரிசை. கறுப்பு, சாம்பல், மங்கிய பொன்னிறம். எனக்கு ஒரு கணம் வேலூர் ஹாலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, குடை மட்டும் இல்லை. வெள்ளை அங்கியில் பெரியவர் ஒவ்வொன்றையும் குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினார். பேரீச்சம்பழம், ஏலக்காய் போட்ட கசப்புக் காபி, மறுபடி பேரீச்சம்பழம். நான் தரையில் உட்கார்ந்து அடி எழுத்துகளைத் தேய்த்து எடுத்தேன். எழுந்திருக்கும்போது சாகுல் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பழைய டிரில் ரவுண்டில் பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எந்த நாட்டுச் சிப்பாய்களோ, எத்தனை பேரோ, இடது கையை அதே இடத்தில் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். நான் கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அங்கேதான் வைக்க வேண்டும் என்று நானும் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பெரியவர் அரபியில் ஏதோ சொன்னார். சாகுல் மொழிபெயர்த்தார். "என் பிள்ளைகள் இதையெல்லாம் குப்பை என்கிறார்கள். உன் வீட்டில் எப்படி?"

"என் வீட்டில் குடை மாட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள்."

அதைக் கேட்டு அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மதியம் மஜ்பூஸ் வந்தது. ஒரு தாம்பாளம் முழுக்கச் சோறு, அதன் மேல் பாதி ஆடு. ஆம்பூர் பிரியாணியில் வளர்ந்த நாக்குக்குக் காரம் பற்றவில்லை. ஆனால் கறி வெண்ணெயாக இருந்தது. ஒரு கையால்தான் சாப்பிட முடிந்தது. இன்னொரு கை முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் எனக்குத் துபாய் விமானம். போகும் முன் ஒரு பழைய இரும்புக் கிடங்கைக் காட்டுகிறேன் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். அங்கே ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறதாம். ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் போகும்போது டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. அந்த வெயிலில் நாங்கள் மூன்று கிழங்களும் ஒரு லாரிக்காரன் வரும்வரை காரின் நிழலில் குந்தியிருந்தோம். இதற்கா ஆசைப்பட்டாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

கிடங்கை நடத்துகிறவர் குல் கான் என்ற பட்டாணியர். ஆள் மலைபோல இருந்தார், பேச்சு பஞ்சு மாதிரி. நசுங்கிய கார்கள், அறுத்த குழாய்கள் இவற்றுக்கெல்லாம் பின்னால் அழைத்துப்போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார்.

"நீலா சாமான்," என்றார் இந்தியில். "காலி."

பித்தளை உறை, நீல நிறத் தலை. அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. ஆனால் முதலில் கண்தான் போக வேண்டும் என்பது பாடம். உறையின் பக்கவாட்டில் ஓட்டை இல்லை. சாய்ந்து அடியைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் மூடி, சுடும்போது ஊசி குத்துகிற இடம், வடுவே இல்லாமல் பளபளவென்று இருந்தது. முட்டி வலி எங்கே போயிற்றோ, இரண்டு எட்டு பின்னால் வந்துவிட்டேன். சாகுலையும் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

டிரில் ரவுண்டு வேறு, பயிற்சி ரவுண்டு வேறு. டிரில் ரவுண்டு ஏற்றி இறக்கிப் பழக மட்டும். அதற்குள் ஒன்றுமே கிடையாது. பயிற்சி ரவுண்டு நிஜமாகச் சுட்டுப் பழக. அதன் தலையில்தான் வெடிமருந்து இருக்காது. ஆனால் தலையைத் தள்ளிவிட ஏதாவது வேண்டாமா? உறை முழுக்க மருந்து. அந்த மருந்து தீப்பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் கதை முடிந்தது. நீல நிறம் என்பது 'பயிற்சிக்கானது' என்றுதான் சொல்கிறது. 'வெடிக்காது' என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த பட்டாள இந்தியில் இதைச் சொன்னேன். குல் கான் பதறவில்லை.

"ஆமாம், தலை காலி. நாங்கள் காலி என்றால் தலையைத்தான் சொல்வோம். கீழே இருப்பதை யார் திறந்து பார்த்தது? இங்கிருந்து ஷார்ஜா வரைக்கும் இந்தத் தொழிலில் எல்லா பாயும் இப்படித்தான் சொல்வான். நீலா சாமான், காலி."

நீலா சாமான், காலி.

எனக்குக் காது அடைத்தது. அதே மூன்று வார்த்தைகள். நீலக் கலரு சாமான், சுத்தமா காலி, பாய் சொல்லிட்டாரு. டிரம்மாவது மண்ணாவது! கமலாவுக்கு வாங்கவில்லை, எனக்கு வாங்கியிருக்கிறான். போனில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அவனுக்கும் எவனோ ஒரு சாகுல் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டாக அறுத்தால் அது வெறும் பித்தளை, கடல் சரக்கில் ஊருக்குப் போய்விடும் என்று நினைத்திருக்கிறான். கட்டிங் மெஷினில் வைத்து அறுக்கப்போகிறான். அந்தப் பல் உரசி ஒரு பொறி விழுந்தால் போதும்.

அபு சாலிம் அதற்குள் யாருக்கோ போன் போட்டுக் கத்த ஆரம்பித்திருந்தார். அதற்கென்று இருக்கிறவர்கள் வந்து எடுத்துப் போவார்களாம். அதுவரை எல்லோரும் கேட்டுக்கு வெளியே. நான் கேட்டுக்கு வெளியே நின்று முருகேசனைக் கூப்பிட்டேன். வாட்ஸப்பில் கூப்பிட்டால் துபாய்க்கு அந்த அழைப்பு போகாது என்பதே எனக்கு மறந்துவிட்டது. சாதாரண அழைப்பில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. எடுக்கவில்லை.

குரல் செய்தி அனுப்பினேன். "டேய் முருகேசா, அந்தச் சாமானைத் தொடாதே. அது காலி இல்ல. தலைதான் காலி. கேக்குதா? அறுக்காதே. வெளிய வந்து எனக்குப் போன் பண்ணு." அவன் அதைக் கேட்கவில்லை என்பது போனில் தெரிந்தது.

கமலாவைக் கூப்பிட்டேன். அவளிடம் விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. "முருகேசன்கூட ரூம்ல இருக்கறவங்க நம்பர் யார்துனா இருக்கா?" என்றேன்.

"எங்கிட்ட ஏது? இன்னாத்துக்கு?" என்றாள். "அவன் இன்னிக்கி எடுக்க மாட்டான். பட்டறையில பூஜை. காத்தாலயே பேசிட்டான். உங்களுக்கு இன்னிக்கி ஆயுத பூஜைன்றதாச்சும் ஞாபகம் இருக்கா? உங்க பொய்க்குண்டுக்கெல்லாம் நான்தான் தொடச்சி பொட்டு வெச்சிகினு இருக்கேன்."

ஆயுத பூஜை! எனக்கு மறந்தே போயிருந்தது. அந்த ஒரு வார்த்தையில் பாதி உயிர் திரும்பி வந்தது. இன்றைக்குத் தமிழாட்கள் வேலை செய்கிற எந்தப் பட்டறையிலும் மெஷினைத் தொட மாட்டார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து ஓய்வு கொடுத்திருப்பார்கள். விஜயதசமி என்றால் நாளைக் காலை. முதல் வேலையாக நல்ல காரியம் ஒன்றைச் செய்து ஆரம்பிப்பார்கள். முருகேசனுக்கு நல்ல காரியம் என்றால் இந்தக் குண்டுதான். மீதிப் பாதி உயிர் திரும்பவில்லை.

"ஏங்க, பேச மாட்டேன்றீங்க? ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"முட்டி வலி," என்றேன். அதுவும் பொய்யில்லை.

சாகுல் என்னைப் பறந்தடித்து விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். "அண்ணே, ஒண்ணும் ஆகாது, அல்லா காப்பாத்துவான், மனசு ஒடிஞ்சு விழுந்துறாதீக" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போனால் பலகையில் விமானம் தாமதம் என்று போட்டிருக்கிறது. தூசிக்காற்று. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் பழுப்பாக இருந்தது.

தாமதம் என்பது மறுபடி தாமதம் ஆனது. நான் போனைச் சுவரோரம் ஒதுங்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு குடும்பம். திருச்சிப் பக்கம் போலிருக்கிறது. "அப்பா, வென் ஆர் வீ கோயிங்?" என்று பிள்ளை கேட்க, "பேசாம இரு கண்ணா" என்று தகப்பன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் என்னையே பார்த்தான். நான் திரும்பத் திரும்பப் போனுக்குள் "சாமானைத் தொடாதே, சாமான் காலி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்ததை என்னவென்று எடுத்துக்கொண்டானோ. அவன் மனைவி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். குவைத்தில் இருந்துகொண்டு துபாய் போலீசை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. பட்டறை பெயரும் தெரியாது. 'பெரிய டயர் கடைக்குப் பின்னாடி, பச்சை கேட்டு' என்று முருகேசன் என்றைக்கோ சொன்னதுதான் விலாசம். விமான நிலையத்துக்குள் நின்று ஒரு அதிகாரியிடம் 'குண்டு' என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். என்னை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். கடைசியில் விமானம் கிளம்பியபோது என் போனில் சார்ஜும் இல்லை, என்னிடம் தெம்பும் இல்லை.

துபாயில் வெளியே வரும்போது விடிந்துகொண்டிருந்தது. டாக்சி ஓட்டியவர் ஒரு வங்காளி. "அல் கூஸ், ஜல்தி" என்றேன்.

"எந்த அல் கூஸ், சாச்சா? ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அல் கூஸில் டயர் கடை இல்லாத தெரு கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஒரு பச்சை கேட்டுக்குப் போனோம். அது பெயிண்ட் கிடங்கு. அடுத்தது சலவைக் கம்பெனி. கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. தூக்கு டப்பாவோடு போகிற ஒவ்வொரு முதுகும் முருகேசன் முதுகாகத் தெரிந்தது. மூன்றாவது தெருவில் டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி யாரிடமோ கேட்டார். "பூஜா வாலா கராஜ்? ஆகே, ஆகே" என்று அவன் கை காட்டினான். வாசலில் வாழைக்கன்று கட்டிய பச்சை கேட் அங்கிருந்தே தெரிந்தது.

டாக்சி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று ஞாபகமில்லை. அன்றைக்கு ஓடினேன். "நிறுத்துடா! டேய், நிறுத்து!" என்று கத்தினேனே தவிர, காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. கேட்டைத் தாண்டி, இரும்புக் கம்பிகளைத் தாண்டி, உள்ளே நுழைந்தால் மெஷினுக்குக் கீழே தரையெல்லாம் சிவப்பு. முருகேசன் கையெல்லாம் சிவப்பு. நான் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"மாமா!" என்றான் அவன். "இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க? ராத்திரி ஏர்போர்ட்டு வந்து ஃபிளைட்டு லேட்டுன்னு திரும்பிட்டேன், ஃபோன் பண்ணியிருந்தா மறுபடி வண்டி எடுத்துகினு வந்திருப்பேனே!"

மெஷினில் இரண்டாகப் பிளந்து கிடந்தது ஒரு பூசணிக்காய். வயிறு நிறையக் குங்குமம்.

பிறகு சொன்னான். பூஜைக்குப் பூசணிக்காய் சுற்றினால் உடைக்க வேண்டும். ரோட்டில் உடைத்தால் ஃபைன் போடுவார்கள். அதனால் இந்தப் பட்டறையில் வருஷா வருஷம் விஜயதசமி அன்று மெஷினில் முதல் வெட்டே பூசணிக்காய்க்குத்தான். நேற்று ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "போனும் நம்ம ஆயுதம்தானே மாமா, அதயும் பூஜையில வெச்சிட்டேன்" என்றான். சாமி பலகையில் ஸ்பானர்களுக்கும் வெல்டிங் கண்ணாடிக்கும் நடுவில் அவன் போன் சந்தனப் பொட்டோடு கிடந்தது. அதற்குள் என் குரல் முழுக்கக் கேட்கப்படாமல் இருந்தது.

"மொத வெட்டு பூசணி. ரெண்டாவது இது," என்று அவன் கை காட்டினான்.

அடுத்த மேஜையில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே, நீலக் கலர் சாமான் படுத்திருந்தது. நெற்றியில் பொட்டு. உறையின் நடுவே எங்கே அறுக்க வேண்டும் என்று சாக்பீஸால் நேராக ஒரு கோடு. பக்கவாட்டில் ஓட்டை இல்லை. அடியில் மூடி பளபளவென்று இருந்தது.

"வெளிய வா," என்றேன். "எல்லாரும் வெளிய. மெஷின அணை. எதையும் தொடாதே. வெளிய."

பட்டாளத்துக் குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. முருகேசன் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். பட்டறை முதலாளி, மலையாளி வர்கீஸ் அப்போதுதான் காரை நிறுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். "எண்ட தெய்வமே" என்று தலையில் கை வைத்தார். முருகேசன் முகம் சுண்டிவிட்டது. "மாமா, போலீசுன்னா விசா போயிடும் மாமா. ராவோட ராவா எங்கனா பாலைவனத்துல போட்டுட்டு வந்துடலாமே." எனக்குக் கோபம் வரவில்லை. அவனை நம்பி ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வர்கீஸ் போனை எடுக்கும்போது அவன் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வந்தார்கள். தெருவை மறித்தார்கள். டயர் கடை, பக்கத்துக் கம்பெனிகள் எல்லாவற்றையும் காலி செய்தார்கள். எங்களை மூலையில் நடைபாதையில் உட்கார வைத்தார்கள். என்னிடம் கேட்டார்கள், அவனிடம் கேட்டார்கள், என் போனில் இருந்த படங்களையெல்லாம் பார்த்தார்கள். சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷனில் இருக்க வேண்டியிருந்தது. விற்ற பாயையும் கூட்டி வந்தார்கள். கடைசியில் முருகேசனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பையன் பூஜைப் பொரியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பசி என்று ஒன்று இருப்பதே எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கனத்த உடுப்போடு உள்ளே போன ஆள் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். வர்கீஸிடம் அரபியில் ஏதோ சொன்னார். வர்கீஸ் எங்களிடம் வந்தார். வாய் உலர்ந்திருந்தது.

"காலி அல்ல," என்றார். "ஃபுல்லாணு."

முருகேசன் கையிலிருந்த பொரியைப் பொட்டலத்திலேயே போட்டான். "உள்ள எப்படி இருக்குதுன்னு நீங்க பாக்கணும் மாமா. அதுக்குத்தான். உங்க வீட்ல இருக்கறதெல்லாம் மூடிதானே இருக்குது. புக்குக்கு ஆகும்னு நெனச்சேன்."

"உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா," என்றேன். அவன் தோளில் கை போட்டுக்கொண்டேன். குங்குமம் என் சட்டையில் ஒட்டியது. ஒட்டட்டும்.

டாக்சிக்காரர் தன் வண்டியிலேயே சார்ஜ் போட்டு வைத்திருந்த என் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்ததும் மணி அடித்தது. கமலா.

"துபாய் போயிட்டீங்களா? முருகேசன் வந்தானா கூப்பிட?"

"பக்கத்துலதான் இருக்கான். பொரி தின்னுகினு இருக்கான்."

"அவங்கிட்ட சொல்லிடுங்க, டிரம்மும் வாணாம் கிரம்மும் வாணாம். நீங்களும் அங்கேர்ந்து ஒரு பொய்க்குண்டக் கட்டிகினு வந்தீங்க, நான் வீட்ட விட்டுக் கெளம்பிடுவேன். இங்க எடமே இல்ல. இன்னா கொண்டு வரீங்க, உண்மைய சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல கமலா. பெட்டி காலி."

"நெஜமாவே காலியா?" அவளுக்கு நம்பிக்கை இல்லை. "சத்தியமா?"

நான் முருகேசனைப் பார்த்தேன். கடலையை மட்டும் பொறுக்கி எனக்கென்று தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தான், சின்ன வயதில் அவன் அக்காவுக்கு ஒதுக்கியதைப்போலவே. பத்து விரலும் இருந்தன.

"சத்தியமா காலி," என்றேன்.